சார் ருசி பார்த்துவிட்டார்

என் வீட்டுக்காரர் ஜெயகிருஷ்ணன் மத்திய அரசில் டைரக்டர். எந்த அமைச்சகம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் எதற்கு வம்பு? ஆபீசில் அவர் என்ன சாதித்தார் என்பதும் எனக்குத் தெரியாது. வீட்டில் சாதித்தது தெரியும். உலகத்தில் விளைகிற பழங்களையெல்லாம் இரண்டாகப் பிரித்துவிட்டார். மனிதனுக்கு ஆகும், மனிதனுக்கு ஆகாது. அவ்வளவுதான்.

பிரிப்பதற்கு லேபரட்டரி எல்லாம் வேண்டாம். நாக்கு போதும். பழத்தைக் கழுவி, உப்போ மிளகாய்ப்பொடியோ சேர்க்காமல், அப்படியே வாயில் வைக்க வேண்டும். இனித்தால் நமக்கென்று விளைந்தது. புளித்தால் குரங்குக்கும் கிளிக்கும். கசந்தால் யாருக்குமே இல்லை, கிட்டே வராதே என்று செடி போட்டிருக்கிற பூட்டு. "பசுமாடு டாக்டரைக் கேட்டுட்டா புல்லு மேயுது?" என்பார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். மாடுகளுக்கு இப்படி ஒரு மாடு வந்து வகுப்பு எடுக்கவில்லையே என்று எனக்குத் தோன்றும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பு எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும்.

இது ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, பழத்தைக் குறையுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னாள். வயதில் சின்னப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மனுஷருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து யூட்யூபைத் திறந்தார். கொஞ்ச நாளில் டாக்டருக்கே பாடம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழம் போயிற்று, நெல்லிக்காய் போயிற்று, கடைசியில் நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அலைந்து வாங்கி வந்த புளியிலும் கை வைத்தார். "புளியில்லாம சாம்பார் வைக்க அந்த யூட்யூப்காரன் சொல்லித் தர்றானா?" என்று கேட்டேன். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. புளி தப்பித்தது.

நாவல்பழம் மட்டும் கடைசிவரை தீர்மானமாகவில்லை. இனிக்கவும் செய்கிறது, துவர்க்கவும் செய்கிறதே. அதைப் 'பென்டிங்'கில் வைத்திருந்தார்.

நாங்கள் இருப்பது லோதி ரோடு பக்கத்து அரசாங்கக் குடியிருப்பு. எதிரே பூங்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்க வருகிறவர்கள் சிலர், தமிழர்களும் மற்றவர்களுமாக, இவரைச் சுற்றிச் சேர ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பழம் கொண்டுவருவார்கள். வெட்டியதும் முதல் துண்டு இவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "மதுரம்" என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை நீளும். சொல்லாமல் தலையை ஆட்டினால் பழம் அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போகும். இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பழத்தோடு சுரைக்காய்ச் சாறும் சேர்ந்தது. டெல்லிக்காரர்களுக்குக் காலையில் லௌகி ஜூஸ் இல்லாமல் ஆரோக்கியம் ஏது? பிஞ்சுச் சுரைக்காயில் ஒரு மெல்லிய இனிப்பு இருக்கிறது, ஆகவே அதுவும் ஒரு பழம்தான் என்று இவர் அனுமதி கொடுத்துவிட்டார். புதினா போட்டு இவரே அரைப்பார். மிக்ஸியைக் கழுவுவது மட்டும் என் பொறுப்பு.

இவருடைய முதல் சீடர் எலியேசர். நாசரேத் பக்கத்துக்காரர். இவருக்குக் கீழே ஒரே செக்‌ஷனில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர், இப்போதும் பார்க்கிறவர். ஃபைலில் சார் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் எலியேசர் அதற்கு மேல் யோசிக்க மாட்டார், கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார். தனக்கு வேறு மாதிரி தோன்றினால், தனக்குத்தான் புரியவில்லை என்று எடுத்துக்கொள்வார். இதை இவர் பெருமையாகச் சொல்வார். "எலியேசர் மாதிரி ஆள் கிடைக்க மாட்டான் சுபா. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட 'ஆனா சார்'னு அவர் சொன்னதில்லை."

எலியேசருடைய மனைவி தெரசா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு என் வீட்டுக்காரரைக் கண்டாலே ஆகாது. ஏன் ஆகும்? கறியும் மீனுமாகச் சாப்பிட்டு வளர்ந்த மனுஷன், சாருக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டார். போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் கறி எடுக்கவில்லை. பப்பாளியையும் சப்போட்டாவையும் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். "எங்க வீட்டுல இப்ப ரெண்டு சாமி அக்கா" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். "ஒண்ணு மேல இருக்கு. இன்னொண்ணு உங்க வீட்டுல இருக்கு." எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

இந்த மார்கழியில் இவருக்குக் கடுமையான ஜுரம் வந்தது. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் குளிர். டெல்லியே இருமிக்கொண்டிருந்தது. பத்து நாள் படுத்து எழுந்தார். அதற்குப் பிறகு ஒரு மாற்றம். சாப்பாட்டில் குறை சொல்வதே நின்றுபோயிற்று. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவசரத்தில் உப்புமாவில் உப்புப் போட மறந்துவிட்டேன். டிபன் டப்பாவைத் திறந்து நான் ஒரு வாய் வைத்தபோதுதான் தெரிந்தது. இன்றைக்கு வீட்டுக்குப் போனால் அர்ச்சனைதான் என்று நினைத்துக்கொண்டே போனேன். "உப்புமா ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். வயசாக ஆக மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். நம் புத்தி போகிற போக்கு அப்படி.

சித்திரை பிறந்து வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எலியேசர் வழக்கம்போலப் பூங்காவுக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாருடைய பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போவது அவர் வேலை. இவர் சாற்றை வடிகட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பூனில் எடுத்து வாயில் விட்டுக்கொண்டு, "மதுரம்" என்றார். ஒரு டம்ளர் நிறைய ஊற்றி எலியேசரிடம் கொடுத்தார். சாருக்கு அடுத்தபடி தான் என்பதில் எலியேசருக்கு ஒரு பெருமை உண்டு.

நான் எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எலியேசர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். டம்ளருக்குள் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார்.

"என்ன எலியேசர்?"

"ஒண்ணுமில்ல சார்."

"புதினா கொஞ்சம் தூக்கலா இருக்கும். இனிப்பு அடியில தெரியும் பாருங்க."

"ஆமா சார். தெரியுது."

மடக்மடக்கென்று முழு டம்ளரையும் குடித்துவிட்டார். பாக்கியைப் பிளாஸ்கில் ஊற்றி மூடினார்கள். இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

பூங்கா வாசல்வரை கூடப் போகவில்லை. கீழே கேட்டருகே எலியேசர் குனிந்தபடி நிற்பதை பால்கனியிலிருந்து பார்த்தேன். நான் இறங்கி ஓடுவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாந்தி நிற்கவே இல்லை. சட்டையெல்லாம் நனைந்து, முகம் வெளுத்து, "வயித்தைப் புடுங்குது மேடம்" என்று முனகினார். ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே தெரசாவுக்கு போன் செய்தேன். நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வந்துவிடுகிறேன் என்றாள், வேறெதுவும் கேட்கவில்லை.

டியூட்டி டாக்டர் ஓர் இளைஞன், டெல்லிக்காரன். என்ன சாப்பிட்டார் என்று கேட்டான். லௌகி ஜூஸ் என்றதும் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"கட்வா தோ நஹீ தா?"

கசந்ததா என்று கேட்கிறான். கசப்புச் சுரைக்காய்ச் சாறு விஷம், குடித்தவர்கள் ரத்த வாந்தி எடுத்திருக்கிறார்கள், உயிரே போயிருக்கிறது, அப்படியென்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றான். எலியேசர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பதில் சொல்லும் நிலையில் இல்லை.

"இல்லை, இனிப்பாக இருந்தது" என்றார் என் வீட்டுக்காரர் ஹிந்தியில். பிறகு ஆபீஸ் இங்கிலீஷில், தானே ருசி பார்த்ததாகவும், அந்த விஷயத்தில் தான் மிகவும் கவனமாக இருப்பவன் என்றும் சொன்னார். தான் இன்னார் என்பதையும் சொன்னார். இவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதையும் டாக்டர் பார்த்தான். அச்சா, அப்படியானால் சாதாரண வயிற்றுக் கோளாறு, இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான்.

எலியேசருக்கு மாற்றுச் சட்டை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். மேஜைமேல் பிளாஸ்க் இருந்தது. கேட்டில் விழுந்து கிடந்ததை வாட்ச்மேன் மேலே கொண்டுவந்து வைத்திருந்தான். டாக்டர் கேட்ட கேள்வி என் காதிலேயே இருந்தது. மூடியைத் திறந்து, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

வைத்த மாத்திரத்தில் சிங்க்குக்கு ஓடித் துப்பினேன். வேப்பெண்ணெய் கூட இதற்குத் தேவலை. வாயை எத்தனை தடவை கொப்புளித்தும் கசப்பு போகவில்லை, தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதையா இந்த மனுஷர் மதுரம் என்று சொன்னார்? வேண்டுமென்றே சொல்ல அவர் கொலைகாரர் இல்லை. அப்புறம்தான் அந்த உப்புமா ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு குறை சொல்லாமல் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் ஞாபகம் வந்தது. ஜுரத்தோடு நாக்கின் ருசியும் போய்விட்டது. நாலு மாதமாக அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் பூங்காவில் நின்று கண்ணை மூடி மென்று மதுரம், மதுரம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிளாஸ்கில் இன்னும் எட்டுப் பேருக்கு ஆகிற சாறு இருந்தது. சட்டையை எடுத்தேனோ இல்லையோ, பிளாஸ்கைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இவர் நர்சிங் ஹோம் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இதைக் குடிச்சுப் பாத்தேன்."

பிளாஸ்கைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"விஷமா கசக்குது. உங்களுக்கு ருசி தெரியலை. அப்படித்தானே?"

"மெதுவா பேசு."

"எப்பலேர்ந்து?"

"சரியாயிடும்னு நினைச்சேன் சுபா. நிறைய பேருக்குத் திரும்பி வந்துடுதாம். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு..." என்று இழுத்தார். "கொஞ்சம் கொஞ்சம் தெரியற மாதிரி கூட இருக்கும் சில நாள்."

"உள்ளே போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அந்த மனுஷரை மதியம் வீட்டுக்கு அனுப்பப் போறாங்க."

எழுந்திருக்கவில்லை. முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். "தெரசா வந்துடுவா. அவ முன்னாடி எப்படிச் சொல்றது? எலியேசருக்குத் தெரிஞ்சா? பார்க்குல தெரிஞ்சா? இன்னும் கொஞ்ச நாள்ல ஆபீஸும் இல்லை. அப்புறம் எனக்கு என்ன இருக்கு சொல்லு. காலைல நாலு பேர் என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அது ஒண்ணுதான் இருக்கு."

எனக்கு அவர்மேல் அப்போது இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். பற்றிக்கொண்டு வந்தது. "அந்த நாலு பேர் வாயிலயும் இதைத்தான் ஊத்தப் போனீங்க" என்றேன். "எலியேசர் செத்துப்போனா யார் நிப்பாங்க உங்க வாயைப் பாத்துக்கிட்டு?"

"குளுக்கோஸ் ஏத்தறாங்க இல்லை? தேறிடுவார். நீ அமைதியா இரு."

அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். டாக்டரிடம், ஜூஸ் கட்வாதான், நானே ருசி பார்த்தேன் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவன் பதில் சொல்வதற்குள் இவர் பின்னாலேயே வந்துவிட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, என் மனைவி காலையில் குடிக்கவே இல்லை, பிளாஸ்கில் வெயிலில் கிடந்து இப்போது கெட்டுப்போயிருக்கும், காலையில் நான் குடித்தபோது இனிப்பாகத்தான் இருந்தது என்றார். என் முகத்துக்கு எதிரே நின்று சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். அந்த நிமிஷம் வந்த வெறுப்பு அதுவரை எனக்கு வந்ததில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்தானோ என்னவோ, டைரக்டர் சாபின் பக்கம்தான் தலையை ஆட்டினான்.

தெரசா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. தோள்பை கூட இறக்கவில்லை. நேராக எலியேசரிடம் போய்க் கையைப் பிடித்து நாடி பார்த்தாள், கண் இமையை விலக்கிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"அதைத் தாங்கக்கா."

மூடியில் ஒரு துளி ஊற்றி நாக்கு நுனியில் வைத்தாள். உடனே வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டு இவர் முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். நோயாளியிடம் விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.

"சார், வாய்ல ருசி இல்லாம எத்தனை நாளா இருக்கு?"

இவர் கை மறுபடி சட்டைக் காலருக்குப் போயிற்று.

"ஜுரம் வந்துச்சே, அப்பமிருந்தா?"

இவர் தலை மெதுவாக ஆடியது.

"இதை டாக்டர்ட்ட நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா பொஞ்சாதி பதறுதான்னு நெனப்பாக. நீங்க ஆபீசர். நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

இவர் சொன்னார். இங்கிலீஷில், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரே வாக்கியத்தில். ஐ கெனாட் டேஸ்ட். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குளுக்கோஸ் பாட்டிலை விட்டுவிட்டு போனை எடுத்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எலியேசர் மறுபடி வாந்தி எடுத்தார். இந்தத் தடவை ரத்தமாக இருந்தது. நாடி இறங்கிக்கொண்டே போயிற்று. தெரசா தானே கால் பக்கம் கட்டிலை உயர்த்திவிட்டு, ஆம்புலன்ஸிலும் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்து போனாள். எங்களை ஏறச் சொல்லவில்லை.

இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். வயிறு முழுக்கப் புண் என்றார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். இவர் வீட்டில் ஒன்றும் சாப்பிடவில்லை. பூங்காக்காரர்கள் ஒவ்வொருத்தராக போன் செய்தார்கள். எடுக்கவில்லை. கூடைக்குள் நல்ல முலாம்பழம் ஒன்று பழுத்து, வீடெல்லாம் மணந்து, அழுகி, நான் எடுத்து வெளியே போட்டேன். அது மணந்தது கூட அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவரோடு நான் பேசவே இல்லை.

எலியேசரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரசா போனில் சொன்னாள். "சாரைக் கூட்டிட்டு வாங்கக்கா. இவுகட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை. சுரைக்காதான் கெட்ட சுரைக்கான்னு நெனச்சிட்டு இருக்காக. சார் வாயால சொல்லட்டும்."

"வர்றேன்னு சொல்லு" என்றார் இவர். போனைப் பிடித்திருந்த என்னிடம் இரண்டு நாளில் பேசிய முதல் வார்த்தை அது.

எலியேசர் பாதியாக இளைத்திருந்தார். கையில் ஊசி, மூக்கில் குழாய் எடுத்த தடம். சாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். தெரசா தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தாள்.

"படுங்க எலியேசர்" என்றார் இவர்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்? நீங்களும் ருசி பாத்தீங்களேன்னு எனக்கு ஒரே கவலை." குரல் கரகரத்தது. "முத வாய்லயே கசந்துச்சு சார். நெஞ்சை எரிச்சிட்டுப் போச்சு. துப்பிரலாமான்னு கூட இருந்துச்சு. ஆனா நீங்க மதுரம்னு சொல்லிட்டீங்க. அப்ப என் நாக்குலதான் கோளாறுன்னு நெனச்சேன். கறியும் மீனும் தின்னு வளந்த நாக்கு. சாருக்குத் தெரியுத இனிப்பு நமக்குத் தெரியணும்னா இன்னும் நாளாகும்னு நெனச்சிக் குடிச்சிட்டேன்."

தெரசா கண்ணெடுக்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ருசி தெரியாது எலியேசர்."

"சார்?"

"ஜுரம் வந்ததிலேர்ந்து ஒண்ணும் தெரியலை. இனிப்பும் தெரியலை, கசப்பும் தெரியலை. அன்னிக்கு ஸ்பூன்ல குடிச்சப்பவும் தெரியலை. சும்மா சொன்னேன். நாலு மாசமா சும்மாத்தான் சொல்லிட்டிருந்தேன். டாக்டர்கிட்டயும் முதல்ல பொய் சொன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். எலியேசர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். கோபப்பட வேண்டும் என்று விரும்பினேன். தெரசாவும் அதற்குத்தான் நின்றிருந்தாள் என்று நினைக்கிறேன். அவர் முகம் மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது.

"அப்ப, எனக்குக் கசந்தது சரிதானா சார்?" என்று கேட்டார்.

அதையும் இவரிடம்தான் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எலியேசருக்குத் தாங்கவில்லை. "சார் நிக்காங்க பாரு தெரசா" என்றார். "அந்த நாற்காலியை எடுத்துப் போடு."

நாற்காலி எனக்கும் தெரசாவுக்கும் நடுவில்தான் இருந்தது. தெரசா அசையவில்லை. நானும் அசையவில்லை.